அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது?

டல்லஸ்
ஜூன் 3, 1974

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். வெயில் மட்டும் மண்டையைப் பிளக்கிறது. நீ, டாயில் அத்தான், அம்மா மூவரும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

படம் முடிந்துவிட்டது. ‘அவன் பின்னாலேயே வருவான்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் வைத்த பெயர் வேறு. விநியோகஸ்தர் அதைக் கேட்டுவிட்டு, “இது என்னப்பா, ஞாயித்துக்கிழமை பிரசங்கமா?” என்றார். பதினெட்டு நாளில் எடுத்தது. புருஷனிடமிருந்து தப்பி ஆற்றங்கரைக் குடிசையில் மகளோடு ஒளிந்திருக்கும் ஒருத்தி, அவளைத் தேடி வரும் புருஷன், கடைசியில் படகுத்துறையில் ஒரு சண்டை. அவ்வளவுதான் கதை. போஸ்டரில் நீச்சலுடைப் பெண்ணும் கோடாரியும் இருக்கும். படத்தில் இரண்டும் கிடையாது. அதற்கு நான் பொறுப்பில்லை.

முதலில் மூன்றே டிரைவ்-இன் தியேட்டர்களில் போட்டுப் பார்க்கிறார்கள். ஓக்லஹோமாவில் ஒன்று, லூயிசியானாவில் ஒன்று. மூன்றாவது, காலில் விழாத குறையாக நான் கேட்டு வாங்கிய உங்கள் ஊர் ரெட்பட். ஜூன் 21 முதல் நாலு வாரக் கடைசிகள். படப்பெட்டியோடு கருத்து அட்டைகளும் வரும். மூன்று கேள்விகள்: எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரரிடம் இந்தப் படத்தைப் பற்றிச் சொல்வீர்களா. அட்டைகள் நன்றாக வந்தால் மேலும் பிரதிகள் போடுவார்கள். இல்லையென்றால் படம் டப்பாவோடு பரணுக்குப் போகும், நான் பழையபடி டி.வி. நிலையத்தில் வானிலைச் செய்திக்கு மேகத்தைப் படம் பிடிக்கப் போவேன். நீ டிக்கெட் கூண்டில் இருக்கிறாய், அத்தான் புரொஜெக்டர் ஓட்டுகிறார். ஆட்கள் பேசிக்கொள்வதை ஒன்று விடாமல் எழுது.

இன்னொன்று. நாலாவது ரீலில் ஒரு காட்சி இருக்கிறது. ரொட்டி வாங்கப் போன சிறுமிக்குக் கடைவாசலில் அப்பன் திராட்சை சோடா வாங்கிக் கொடுக்கிறான். அவள், அம்மா ஒளிந்திருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறாள். ஆமாம், நீ என்னிடம் மட்டும் சொன்னதுதான். உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய் என்றுதான் கேட்கவில்லை. ஓப்பல் சித்திதான் அப்பாவிடம் காட்டிக்கொடுத்தாள் என்று அம்மா இருபத்துமூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். அவள் இந்த மாதிரிப் படத்துக்கெல்லாம் வரப்போவதில்லை. சிறுமிக்குப் பொன்னிற முடி, பெயரும் வேறு. யாருக்கும் தெரியாது.

கோபப்படாதே.

உன் தம்பி,
ஹாலிஸ்


பைன் ஃபோர்க், ஆர்க்கன்சா
ஜூன் 25, 1974

அன்புத் தம்பி ஹாலிஸுக்கு,

உன் கடிதமும் பெட்டியும் வந்து சேர்ந்தன. இங்கே குறை ஒன்றுமில்லை. அம்மாவின் முழங்கால் மழைக்கு முதல் நாள் மட்டும் முணுமுணுக்கும். அத்தானுக்கு முதுகுவலி, கேட்டால் இல்லை என்பார். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

மூன்று நாளில் நூற்று அறுபது கார் வந்தது. அட்டை நிரப்பினால் பாப்கார்ன் இலவசம் என்று அத்தான் எழுதி மாட்டினார். ஐம்பத்திரண்டு அட்டை சேர்ந்துவிட்டது. கொடுத்த பென்சில்தான் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

மரக்கடை லூதர் என் கூண்டுக்கே வந்து, “போஸ்டர்ல இருந்த பொண்ணு எங்கம்மா? ரெண்டு நாளா வந்து தேடுறேன்” என்றார். மூன்றாம் நாளும் வந்தார். பள்ளிக்கூடச் சமையற்கார அம்மாள், “ரத்தமா அது? எங்க பிள்ளைங்களுக்கு ஊத்துற தக்காளி சாஸே இதவிடக் கெட்டியா இருக்கும்” என்று சொல்லிவிட்டு அதையே அட்டையிலும் எழுதினாள். பின்வரிசைக் காரில் இருந்த ஜோடிக்குப் படம் எங்கே ஓடியது என்றே தெரியாது, கண்ணாடியெல்லாம் ஆவி. ‘மிக அருமை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். படகுத்துறைச் சண்டையில் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். படம் அறுந்தால் அடிக்கும் ஹாரன் வேறு. இது சந்தோஷ ஹாரன்.

பத்தொன்பது பேர் ஒரே குறையை எழுதியிருக்கிறார்கள். குடிசை இருக்கும் இடம் அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது என்று. கோழிப்பண்ணை வார்ட் சொன்னார்: “வேட்டை நாயே வழி தவறிப் போற எடம். இவன் என்னமோ மாமியார் வீட்டுக்கு வர்ற மாதிரி நேரா வந்து நிக்கிறான்.”

ஓப்பல் சித்தியின் வீட்டுக்காரர் போன வாரம் தவறிவிட்டார். நான் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தேன். அம்மா வரவில்லை. மடங்காத அந்த இரண்டு விரலோடு அன்று முழுக்க உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். சித்தி என்னிடம், “உங்கம்மா நல்லா இருக்காளா?” என்று மட்டும் கேட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
வெர்னா


டல்லஸ்
ஜூலை 1, 1974

அன்புள்ள அக்கா,

நலம். உங்கள் எல்லோர் நலமும் அறிந்து மகிழ்ச்சி. சித்தப்பா செய்தி வருத்தமாக இருந்தது. சின்ன வயதில் எனக்குத் தூண்டில் கட்டிக் கொடுத்தவர்.

கடிதத்தை நாலு தடவை படித்தேன். சந்தோஷ ஹாரன் என்ற இடத்தை மட்டும் ஏழெட்டுத் தடவை. லூதரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ஒன்றுதான் புரியவில்லை. எப்படித் தெரிந்தது என்று எப்படிக் கேட்கிறார்கள்? சிறுமி சொல்லித்தானே தெரிகிறது? ஓக்லஹோமாவில் அறுபது அட்டை வந்தன, ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. அங்கே பாதிப் பேருக்குப் பிடித்தது சோடாக் காட்சிதான். ஒரு லாரிக்காரர், ‘பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த என் மகளைத் திரும்பிப் பார்த்தேன்’ என்று எழுதியிருக்கிறார். உங்கள் ஊரில் அந்தக் காட்சியைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு வரி இல்லை. நாலாவது ரீல் சரியாக ஓடுகிறதா? அத்தானைப் பார்க்கச் சொல்.

நீயும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஊரார் கருத்தெல்லாம் வந்தது. உன் கருத்து?

அன்புடன்,
ஹாலிஸ்


பைன் ஃபோர்க்
ஜூலை 6, 1974

அன்புத் தம்பிக்கு,

சுகம். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினத்துக்கு அத்தான் வாணம் விடுகிறேன் என்று புருவத்தைப் பொசுக்கிக்கொண்டார். மற்றபடி நலம்.

ரீல் நன்றாகத்தான் ஓடுகிறது. அந்த நேரத்தில் பாதிப் பேர் ஹாட் டாக் வாங்க எழுந்து போகிறார்கள். ஸ்பீக்கர்களும் பழசு, தவளைச் சத்தத்தில் பேச்சு விளங்குவதில்லை. அதனால் இருக்கும்.

பாஸ்டர் எல்ரட் போன ஞாயிறு பிரசங்கத்தில் உன் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது என்பது உட்படச் சொன்னார். நேற்று வெள்ளிக்கிழமை சபையில் பாதி வந்து நின்றது, தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு. லூதர், “படத்த எடுத்தவனவிட பாஸ்டருக்குத்தான் கதை நல்லாத் தெரியுது” என்கிறார். பெயர் போடாமல் ஒரு அட்டை கிடைத்தது. ‘ஒளி போதாது. தீயவன் தண்டிக்கப்படுவது திருப்தி.’ முத்து முத்தான எழுத்து. அது யார் கையெழுத்து என்று சபைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும்.

இப்போது அம்மாவும் வருகிறேன் என்கிறாள். வரும் 13ஆம் தேதி, சனிக்கிழமை. “ஊரே பாத்துட்டு வந்து என் மகன் படத்தப் பத்தி எங்கிட்டச் சொல்லுது. நான் பாக்கலேன்னா எப்படி?” என்கிறாள். வராதே என்று சொல்ல நான் எந்தக் காரணத்தைச் சொல்லுவேன்?

அக்கா


டல்லஸ்
ஜூலை 9, 1974

அக்கா,

நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை. இது சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும். அத்தானிடம் சொல்லி அந்த ஒரு நாள் மட்டும் சோடாக் காட்சியை எடுத்துவிடு. அம்மாவுக்கு அது தெரியவே கூடாது. உனக்காகத்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை திரும்ப ஒட்டிவிடுங்கள்.

ஹாலிஸ்


பைன் ஃபோர்க்
ஜூலை 15, 1974

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். அம்மா வந்தாள், பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போடும் கவுனைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் வாங்கிக் கொடுத்த பாப்கார்னைத் தொடவில்லை. முடிந்ததும் அட்டை கேட்டாள். இடது கையால் மெதுவாக எழுதினாள். அப்படியே இங்கே எழுதுகிறேன்: ‘அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது என்று காட்டவில்லை. எடுத்தவனுக்குத் தெரிந்திருக்கும்.’

வீட்டுக்கு வரும் வழியில், “யாரோ சொல்லித்தான் தெரிஞ்சிருக்கும். தானா ஒருத்தனுக்கும் தெரியாது” என்றாள். ஓப்பல் சித்தியை நினைத்துத்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாதா?

இனி உன்னிடம் மறைக்க முடியாது. அந்தக் காட்சி ஒரு நாளும் ஓடவில்லை. பெட்டி வந்த அன்றே அத்தானும் நானும் போட்டுப் பார்த்தோம். அந்தப் பெண் சோடாவைக் குடித்துவிட்டு ஊதா நாக்கோடு சிரிக்கிறாளே, அந்த இடத்தில் எழுந்து போய், “இத வெட்டிடுங்க” என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. வெட்டி ஒட்டிவிட்டார். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. சமையலறையில் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. ஹாட் டாக், தவளை எல்லாம் பொய்.

என் கருத்தைக் கேட்டாயே. அப்பா அன்று சாயங்காலம் குடிசைக் கதவில் அம்மாவின் கையை வைத்து நசுக்கிவிட்டு, “உன் தங்கச்சி வாய்தான் சொல்லுச்சு” என்று சொன்னபோது நான் கட்டிலுக்கு அடியில் இருந்தேன். நான்தான் சொன்னேன் என்று அப்போதும் சொல்லவில்லை, அவர் செத்துப் பதினோரு வருஷமாகிறது, இன்னும் சொல்லவில்லை. என் தம்பி அதை எடுத்து நூறு அடித் திரையில் போடுவான் என்று நினைக்கவில்லை. இதுதான் என் கருத்து.

வெர்னா


டல்லஸ்
ஜூலை 20, 1974

அக்கா,

விநியோகஸ்தர் நேற்று என்னைக் கூப்பிட்டு உங்கள் ஊர் அட்டைகளை மேஜையில் கொட்டினார். “ஆர்க்கன்சாக்காரனுக்கே கதை புரியலேன்னா யாருக்குப் புரியும்?” என்றார். எண்பத்தொரு அட்டையில் முப்பத்தேழு பேர் அதே கேள்வி. படத்தைப் பரணில் போடப் போகிறார்.

ஒரு நாளைக்கு எடுக்கச் சொன்னதும் நான்தான், தெரியும். நீ முதல் நாளே எடுத்திருக்கிறாய். எடுத்துவிட்டு, ஜனங்கள் என் படத்தை முட்டாள்தனம் என்று எழுதியதை உட்கார்ந்து பிரதி எடுத்து எனக்கே அனுப்பியிருக்கிறாய். இரண்டு வருஷ உழைப்பு பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது. உன் வாய்க்கு அன்று பூட்டுப் போட்டிருந்தால் இன்று இந்தப் படமே இருந்திருக்காது.

ஹாலிஸ்


டல்லஸ்
ஆகஸ்ட் 19, 1974

அன்புள்ள அக்கா,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நலமாக இருக்கிறாயா என்று கேட்கிற தகுதிகூட எனக்கு இல்லை. கடைசி வரியை எழுதி, தபாலில் போட்டுவிட்டு, பாதி வழியிலேயே திரும்பி ஓடினேன். தபால் பெட்டிக்குள் கை விட்டு எடுக்கப் பார்த்தேன். என் மணிக்கட்டு சிராய்த்ததுதான் மிச்சம்.

ஒன்பது வயதுக் குழந்தையிடம் அப்பா கேட்டார், அது சொன்னது. அதில் என்ன தப்பு என்று காட்டத்தான் அந்தக் காட்சியை எடுத்தேன். அதைத் திரையில் எல்லோருக்கும் சொன்னேன், உன்னிடம் சொல்லவில்லை.

படம் அறுந்ததால்தான் அந்தக் காட்சி விட்டுப்போனது என்று விநியோகஸ்தரிடம் சொன்னேன். லேபர் டே விடுமுறை வாரக் கடைசியில் முழுசாக ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்கிறார். பெட்டி இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. உனக்கு வேண்டாம் என்றால் அப்படியே திருப்பி அனுப்பிவிடு. மேகத்தைப் படம் பிடிப்பதும் மோசமான வேலை இல்லை. அம்மாவுக்கு என் முத்தம்.

தம்பி


பைன் ஃபோர்க்
செப்டம்பர் 4, 1974

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதத்தான் வரவில்லை. நீ எழுதிய அந்தக் கடைசி வரி ரொம்ப வலித்தது. ஆனாலும் அது நான் தினமும் எனக்கே சொல்லிக்கொள்வதுதான்.

போன சனிக்கிழமை காலை பிஸ்கட் டப்பாவை எடுத்து அத்தானிடம் கொடுத்தேன். “ஒட்டவா?” என்றார். “ஒட்டுங்க. அம்மாவக் கூப்பிட்டிருக்கேன்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அப்ப நல்லா ஒட்டணும்” என்றார். அவரிடம் முந்தின நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பத்து வருஷம் குடித்தனம் செய்து இப்போதுதான் சொன்னேன்.

வாயால் சொல்லத்தான் பார்த்தேன், ஹாலிஸ். காரில் ஸ்பீக்கரை மாட்டிவிட்டு மூன்று தடவை “அம்மா” என்றேன். மூன்று தடவையும் “படத்தப் பாரு” என்றாள். அந்தக் காட்சி வந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். ஊதா நாக்கு வந்த இடத்தில் தலையை ஆட்டினாள், இல்லை என்பது போல. அப்புறம் நான், “அது நான்தாம்மா. சித்தி இல்ல” என்றேன். முடிந்ததும் அட்டை வாங்கினாள், நிரப்பினாள், மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். என்னிடம் கொடுக்கவில்லை.

இன்றைக்கு நாலு நாள். பேசவில்லை. காலையில் போய் அவள் வாசலைப் பெருக்கிவிட்டு வருகிறேன். ஜன்னல் திரை அசைகிறது, கதவு திறப்பதில்லை. இனி அவள் என்னை மகள் என்று நினைப்பாளா என்று தெரியவில்லை.

அறுபத்தெட்டு அட்டை அனுப்பியிருக்கிறேன். எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கோழிப்பண்ணை வார்ட், ‘இப்போது புரிகிறது, பாவம் அந்தக் குழந்தை’ என்று எழுதியிருக்கிறார். லூதர் இன்னும் நீச்சலுடைப் பெண்ணைத்தான் கேட்கிறார்.

அக்கா


பைன் ஃபோர்க்
செப்டம்பர் 19, 1974

மகன் ஹாலிஸுக்கு அம்மா எழுதுவது.

கர்த்தர் கிருபையால் சுகம். முழங்கால் அப்படியே இருக்கிறது. இடது கை எழுத்து, கோணலைப் பொறுத்துக்கொள். நீ மெலிந்துவிட்டாய் என்று வெர்னா சொல்கிறாள். உன்னைப் பார்க்காமல் அவளுக்கு எப்படித் தெரியுமோ.

அட்டையில் இடம் போதவில்லை, அதனால் கடிதம்.

உன் படத்தில் ஒரு தப்பு இருக்கிறது. அந்தப் பெண் சோடாவைக் குடிக்கிறாள். வெர்னா குடிக்கவில்லை. மூடி திறந்த புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு மைல் நடந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ரொட்டிக்கு மட்டும்தான் நான் காசு கொடுத்திருந்தேன். கடைக்காரர் இரக்கப்பட்டுக் கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். சாயங்காலம் உங்கப்பா லாரிச் சத்தம் கேட்டதும் யார் வாங்கிக் கொடுத்தது என்று புரிந்துவிட்டது.

ஆகவே எனக்கு அன்றே தெரியும். உங்கப்பா ஓப்பல் பெயரைச் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். யார் மேலாவது கோபப்படாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை மேல் கோபப்பட்டால் அது தாங்காது, ஓப்பல் தாங்குவாள் என்று நினைத்தேன். ஒரு வருஷத்தில் சரியாகிவிடும் என்று இருந்தேன். அது வளர்ந்துகொண்டே போய்விட்டது. வெர்னா மறந்திருப்பாள் என்று நான் நினைத்தேன், எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்தாள். முதல் தடவை அந்தக் காட்சி இல்லாமல் படத்தைப் பார்த்தபோதுதான் அவள் மறக்கவில்லை என்று தெரிந்தது. நம் கதை முழுக்க இருக்க அது ஒன்று மட்டும் இல்லையென்றால், அதை மறைக்க வேண்டியவள் அவள் ஒருத்திதான். அட்டையில் அப்படி எழுதியது அவள் வாயைத் திறப்பாள் என்றுதான். இரண்டாவது தடவை திறந்தாள். அதற்கு அப்புறம் பதினைந்து நாள் நான் பேசாததற்குக் காரணம் கோபம் இல்லை. என் முறை வந்துவிட்டது, எனக்கு வெட்கமாக இருந்தது.

போன ஞாயிறு சபைக்குப் போகாமல் வெர்னா வீட்டுக்குப் போனேன். “வண்டிய எடு. ஓப்பல் வீட்டுக்குப் போகணும்” என்றேன். வழியில் புட்டி விஷயத்தைச் சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள். “நான் குடிச்சேம்மா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு” என்றாள். குடிக்கவில்லை. மறுநாள் அதை வாசலில் ஊற்றியது நான், இந்த இடது கையால். இதை அவளுக்கு ஐந்து தடவை சொல்ல வேண்டியிருந்தது. ரொம்ப நேரம் அழுதாள்.

ஓப்பல் கதவைத் திறந்து, “காப்பி ஆறிப் போச்சு, சுட வைக்கணும்” என்றாள். இருபத்துமூன்று வருஷத்துக்கு அப்புறம் அதுதான் முதல் பேச்சு. நான் எல்லாவற்றையும் சொன்னேன். “என் புருஷன் சாகுறதுக்கு முன்னாடி நீ வந்திருக்கலாம்” என்றாள். வந்திருக்கலாம்தான். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. வியாழக்கிழமை வா என்று சொன்னாள். இன்று வியாழன், போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன்.

பன்னிரண்டு பிரதி போடப் போகிறார்களாம். பன்னிரண்டிலும் அந்தப் பெண் குடிப்பாள், இனி மாற்ற முடியாது என்று டாயில் சொல்கிறார். சரி. எடுத்தவனுக்காவது உண்மை தெரிந்திருக்கட்டும்.

என் அட்டையை இதோடு வைத்திருக்கிறேன், விநியோகஸ்தரிடம் கொடுத்துவிடு. பிடித்தது: ரொட்டிக் கடை. பிடிக்காதது: நாக்கு. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வீர்களா என்ற மூன்றாவது கேள்வியை அன்று காலியாக விட்டிருந்தேன். இன்று வந்து நிரப்பினேன்: ஓப்பலிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா,
ஓரா மே